வைஃபை பெட்டிக்குப் பூட்டு போட்டாச்சா? ரவுட்டர் பாதுகாப்பில் நாம் கோட்டை விடும் இடங்கள்

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி ஆபீஸ், குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. தொழில் வேறு வேறு என்றாலும் எல்லா இடத்திலும் சுவரில் ஒரு பொருள் தொங்குகிறது. இரண்டு ஆன்டெனா, நான்கு பச்சை விளக்கு உள்ள வைஃபை பெட்டி. இ-வே பில் போடுவது, பார்ட்டிக்குப் பணம் அனுப்புவது, கோழிப்பண்ணை கேமராவை வீட்டிலிருந்து பார்ப்பது, பசங்களின் ஆன்லைன் கிளாஸ் எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

ஆனால் அதை நாம் எப்போது திரும்பிப் பார்க்கிறோம்? பச்சை விளக்கு சிவப்பானால் மட்டும்தான். "அண்ணா, நெட் வரலைங்க" என்று கேபிள்காரருக்கு போன் போடுவோம். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்பார். வந்துவிட்டால் அடுத்த சிவப்பு விளக்கு வரை அதை மறந்துவிடுவோம்.

பிரச்சினை என்னவென்றால், விளக்கு பச்சையாக எரியும்போதே அந்தப் பெட்டி வேறு ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்கலாம். இது கற்பனை இல்லை. இந்தியாவிலேயே நடந்திருக்கிறது.

ஒரு பெட்டி, இரண்டு பாஸ்வேர்டு

முதலில் ஒரு அடிப்படை விஷயம். மோடம், ரவுட்டர், ஓஎன்யூ என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அது ஒரு குட்டி கம்ப்யூட்டர். அதற்கென்று பிராசஸர், மெமரி, ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாம் உண்டு. பெரும்பாலான பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ்தான். இந்த உள் மென்பொருளுக்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர்.

இந்தப் பெட்டிக்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு. ஒன்று, போனில் வைஃபை கனெக்ட் செய்யும்போது போடுவது. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, பெட்டியின் செட்டிங்ஸுக்குள் நுழைவதற்கான அட்மின் பாஸ்வேர்டு. பிரவுசரில் 192.168.1.1 போன்ற முகவரியை அடித்தால் ஒரு லாகின் பக்கம் வரும். அதில் கேட்பது இந்த இரண்டாவது பாஸ்வேர்டைத்தான். அப்படி ஒன்று இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. கம்பெனியிலிருந்து வரும்போது யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்று இருக்கும். பல வீடுகளில் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

முதல் பாஸ்வேர்டு வாசல் கதவு என்றால், இரண்டாவது பீரோ சாவி. கதவைப் பூட்டிவிட்டு சாவியை பீரோவிலேயே தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017-ல் பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள்.

2017 ஜூலை: ஒரே வாரத்தில் செயலிழந்த 60,000 மோடம்கள்

2017 ஜூலை கடைசி வாரத்தில் கர்நாடகா உள்ளிட்ட பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்களுக்கு திடீரென்று நெட் நின்றுபோனது. கேபிள் அறுந்ததோ, எக்ஸ்சேஞ்சில் கோளாறோ இல்லை. வாடிக்கையாளர் வீட்டில் இருந்த மோடம்களை ஒரு மால்வேர் செயலிழக்க வைத்திருந்தது. பாதிக்கப்பட்டவை சுமார் 60,000 மோடம்கள் என்று அப்போது செய்திகள் வெளிவந்தன.

எப்படி நுழைந்தது? கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடம்களில்தான் நுழைந்தது. பிஎஸ்என்எல் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொன்னதும் அதைத்தான்: பழைய பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள்.

இந்த மால்வேருக்குப் பெயர் 'பிரிக்கர்பாட்'. கருவியை வெறும் செங்கல் மாதிரி ஆக்கிவிடும் என்பதால் இந்தப் பெயர். இதை உருவாக்கியதாகச் சொல்லிக்கொண்டவர் சொன்ன காரணம்தான் விசித்திரம். பாதுகாப்பு இல்லாத கருவிகள் கெட்டவர்கள் கையில் சிக்குவதற்கு முன்னால் தானே அவற்றை முடக்கிவிடுவதாகச் சொன்னார். கதவு திறந்து கிடந்த வீட்டை, திருடன் வருவதற்குள் இடித்துவிட்டேன் என்பது போன்ற நியாயம் இது. சட்டப்படி இதுவும் குற்றம்தான்.

அவர் பயந்ததாகச் சொன்ன ஆபத்து மட்டும் பொய் இல்லை.

மிராய்: கேமராவும் ரவுட்டரும் சேர்ந்த படை

அதற்கு முந்தைய ஆண்டு, 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ், ரெடிட் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அந்தத் தளங்களின் முகவரிகளைத் தேடித் தரும் 'டைன்' என்ற நிறுவனத்தின் சர்வர்கள் மீது ஒரே நேரத்தில் எண்ணற்ற கருவிகள் வந்து மோதியதுதான் காரணம். மோதியவை வீட்டு ரவுட்டர்கள், சிசிடிவி கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள். 'மிராய்' என்ற மால்வேர் அவற்றைப் பிடித்து ஒரு படையாக வைத்திருந்தது.

மிராய் பயன்படுத்திய வித்தை மிக எளிமையானது. கம்பெனிகள் வழக்கமாக வைக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் சுமார் 60 அதன் கையில் இருந்தன. இணையத்தில் தென்படும் ஒவ்வொரு கருவியிலும் அவற்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. திறந்தால் உள்ளே, இல்லாவிட்டால் அடுத்த வீடு. 2017 டிசம்பரில் இந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள். மிராயின் நிரல் 2016-லேயே இணையத்தில் பொதுவில் போடப்பட்டுவிட்டதால், அதன் வாரிசுகள் இன்றும் உலவுகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது, தாக்கப்பட்டது அமெரிக்க நிறுவனம். தாக்கிய கருவிகளின் சொந்தக்காரர்கள் பல நாடுகளில் இருந்த சாதாரண மக்கள். அவர்களில் பலருக்கு கடைசி வரை விஷயமே தெரியாது. நெட் கொஞ்சம் ஸ்லோவாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

சத்தமில்லாமல் நடக்கும் திருட்டு

மோடம் செத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பதுதான் மோசம். அதில் முக்கியமானது டிஎன்எஸ் மாற்றம்.

நீங்கள் பேங்க் இணையதளத்தின் பெயரை அடிக்கிறீர்கள். அந்தப் பெயருக்கு எந்த சர்வர் என்று தேடிச் சொல்வது டிஎன்எஸ். பழைய டெலிபோன் டைரக்டரி மாதிரி. ரவுட்டருக்குள் நுழைந்தவர் செட்டிங்ஸில் ஒரே ஒரு வரியை மாற்றி, தன்னுடைய போலி டைரக்டரியை வைத்துவிடலாம். அதன்பிறகு அந்த வைஃபையில் இருக்கும் எல்லா போனும் லேப்டாப்பும் அவர் காட்டும் வழியில் போகும். போனில் எவ்வளவு நல்ல ஆன்டிவைரஸ் இருந்தாலும் மாற்றம் நடந்த இடம் ரவுட்டர்.

2018-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'ரோமிங் மேன்டிஸ்' இதைத்தான் செய்தது. ரவுட்டர்களின் டிஎன்எஸ்ஸை மாற்றி, போலிப் பக்கத்துக்கு இழுத்து, போனில் ஒரு ஆப்பை இறக்க வைத்தது. சில வாரங்களிலேயே அந்தப் போலிப் பக்கம் இந்தி, வங்காளம் உட்பட 27 மொழிகளில் வந்துவிட்டதாக காஸ்பர்ஸ்கி நிறுவனம் சொன்னது.

பேங்க் தளங்கள் இப்போது 'எச்டிடிபிஎஸ்' பாதுகாப்பில் இருப்பதால், போலிப் பக்கம் வந்தால் பிரவுசர் பெரும்பாலும் எச்சரிக்கும். சிக்கல் என்னவென்றால், அவசரத்தில் அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு வகை, ரவுட்டர் வழியாக கிரிப்டோ நாணயம் சுரண்டுவது. 2018-ல் மைக்ரோடிக் ரவுட்டர்களில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி உலகம் முழுக்க இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களில் இது நடந்தது. பிரேசிலில் தொடங்கி இந்தியாவுக்கும் வந்தது. சிறிய இன்டர்நெட் நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் ரவுட்டர் இது. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை நிறுவனம் அந்த ஆண்டு ஏப்ரலிலேயே வெளியிட்டிருந்தது. அப்டேட் செய்யாதவர்கள்தான் மாட்டினார்கள்.

"உங்க நெட்ல இருந்துதான் போயிருக்கு"

பணம் போனால் ஒரு கஷ்டம். போலீஸ் வாசலில் வந்து நின்றால் அது வேறு கஷ்டம்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று ஐபி முகவரியைத் தேடிப்போன போலீஸ் போய்ச் சேர்ந்தது நவி மும்பையில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு. அங்கே குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். அவருடைய கம்ப்யூட்டர்கள் சோதனைக்குப் போயின, பல நாட்கள் விசாரணை நடந்தது. கடைசியில் அவருடைய பாதுகாப்பில்லாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தி அனுப்பியது தெரியவந்தது.

அது ஒரு முறையோடு நிற்கவில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரி, செம்பூரில் ஒரு நிறுவனம் என்று வேறு இடங்களின் வைஃபையும் இதே போல பயன்படுத்தப்பட்டது. இதற்குப் பிறகுதான், 2009 பிப்ரவரியில், வைஃபை பாதுகாப்பு பற்றி இன்டர்நெட் நிறுவனங்களுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது.

இப்போது நம் ஊர் ஆபீஸ்களை நினைத்துப் பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டு என்ன? பெரும்பாலும் ஓனரின் மொபைல் நம்பர். அதே நம்பர் கடை போர்டிலும் இருக்கிறது, விசிட்டிங் கார்டிலும் இருக்கிறது. வருகிற டிரைவர், புரோக்கர், பார்ட்டி எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர் போனிலும் அது இன்னும் சேவ் ஆகி இருக்கும். நாளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால் ஐபி முகவரி காட்டப்போவது கனெக்‌ஷன் எடுத்தவர் பெயரைத்தான்.

நம்பரே தெரியாத ஒருவராலும் இதை உடைக்க முடியும். இந்திய மொபைல் நம்பர் 6, 7, 8, 9-ல் ஒன்றில் தொடங்கும், மொத்தம் 10 இலக்கம். ஆக 400 கோடி வாய்ப்புகள். கேட்க பெரிதாகத் தெரிகிறது. ஆனால் ஒரு போன் உங்கள் வைஃபையில் இணையும் நொடியில் பறக்கும் தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டால், பிறகு தன் வீட்டில் உட்கார்ந்தே சோதிக்கலாம். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் நொடிக்குப் பல லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். 400 கோடியையும் முடிக்க சில மணி நேரம் போதும்.

இந்தியச் சந்தையில் உள்ள பெட்டிகள் எப்படி?

மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' இதுபோன்ற ஓட்டைகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024-ல் மட்டும் ஸ்கைவொர்த், டிஜிசோல், சைரோடெக் நிறுவனங்களின் குறிப்பிட்ட சில ரவுட்டர் மாடல்களில் இருந்த குறைகள் அதன் பட்டியலில் வந்தன. டிஜிசோல் மாடல் ஒன்றில் பாஸ்வேர்டு விதிகள் சரியாக அமல்படுத்தப்படவில்லை. சைரோடெக் ஃபைபர் ரவுட்டர் ஒன்றில் பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கம் செய்யப்படாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன. இவை குறிப்பிட்ட மாடலுக்கும், குறிப்பிட்ட ஃபர்ம்வேருக்கும் மட்டுமான எச்சரிக்கைகள். அந்தக் கம்பெனியின் எல்லாப் பெட்டியும் மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுப் பெட்டியின் மாடல் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஓட்டை கண்டுபிடிப்பதும் அடைப்பதும் இந்தத் துறையில் எப்போதும் நடப்பதுதான். 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மேத்தி வான்ஹோஃப், அதுவரை உறுதியானது என்று நம்பப்பட்ட 'டபிள்யூபிஏ2' வைஃபை பூட்டிலேயே 'கிராக்' என்ற குறையைக் காட்டினார். போன், லேப்டாப் கம்பெனிகள் அப்டேட் விட்டன, நாமும் இன்ஸ்டால் செய்துகொண்டோம். ரவுட்டருக்கு யார் செய்தது?

யார் பொறுப்பு?

சேலம், நாமக்கல் பக்கம் சிக்கலின் மையம் இங்கேதான் இருக்கிறது. டவுனைத் தாண்டினால் நிறைய வீடுகளுக்கு நெட் கொடுப்பது உள்ளூர் கேபிள் ஆபரேட்டர். அவர் ஒரு பெரிய நிறுவனத்திடம் ஃபிரான்சைஸ் எடுத்திருப்பார். பெட்டியைத் தயாரித்தது இன்னொரு கம்பெனி. பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர் ஆபரேட்டரிடம் வேலை செய்யும் தம்பி. வாடிக்கையாளர் இதைத் தன் பொருளாகவே நினைப்பதில்லை. "அது கேபிள்காரர் பெட்டிங்க" என்கிறார். ஆபரேட்டருக்கோ அறுந்த ஃபைபரை ஒட்டவே நேரம் சரியாக இருக்கிறது. இத்தனை கை மாறியதில் அப்டேட் செய்யும் வேலை யாருடைய கையிலும் இல்லாமல் போகிறது.

சர்வீஸ் சுலபமாக இருக்க, எல்லா வாடிக்கையாளர் பெட்டிக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைக்கும் வழக்கமும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டில் தெரிந்துவிட்டால் அந்த ஏரியா முழுவதும் தெரிந்த மாதிரி.

"எங்க லைன்ல பப்ளிக் ஐபி இல்லைங்க, வெளியில இருந்து யாரும் வர முடியாது" என்று சில ஆபரேட்டர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பல வீடுகளுக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுக்கும் முறையில், வெளியிலிருந்து நேராக உங்கள் பெட்டிக்கு வருவது கடினம்தான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் ஒரு போனில் மால்வேர் வந்துவிட்டால், அது உள்ளிருந்தே ரவுட்டரைத் திறந்து பார்க்கும். ஆபரேட்டர் நெட்வொர்க்கில் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் தனித்தனியாகப் பிரித்து வைக்காவிட்டால், பக்கத்துத் தெருப் பெட்டியிலிருந்தும் வரலாம்.

சிசிடிவி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வெளியாகி நாடே அதிர்ந்தது. அந்த சிஸ்டத்தில் மாற்றாமல் விடப்பட்ட எளிய பாஸ்வேர்டு இருந்தது என்று பின்னர் செய்திகள் வந்தன. பண்ணையிலோ பட்டறையிலோ கேமரா மாட்டும்போது, போனில் பார்க்க வசதியாக 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்துவிட்டுப் போவார்கள். ரவுட்டர் சுவரில் வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு ஒரு ஜன்னல் வைப்பது போன்றது அது. டிவிஆர் பாஸ்வேர்டு '12345' என்றால், அந்த ஜன்னலுக்குக் கம்பியும் இல்லை.

என்ன செய்யலாம்? அரை மணி நேரம் போதும்

* அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பெட்டியின் பின்னால் உள்ள ஸ்டிக்கரில் முகவரியும் லாகினும் இருக்கும். அது வேலை செய்யாவிட்டால் ஆபரேட்டரிடம் கேளுங்கள். மாற்றியதை ஒரு தாளில் எழுதி பத்திரமாக வையுங்கள்.

* வைஃபை பாஸ்வேர்டு மொபைல் நம்பராக இருக்க வேண்டாம். சம்பந்தமே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவில் இரண்டு எண் போட்டால் ஞாபகமும் இருக்கும், உடைப்பதும் கஷ்டம். பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். 'டபிள்யூஇபி' என்று இருந்தால் அது பூட்டே இல்லை.

* 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க பின் நம்பர் போட்டு இணையும் வசதி இது. ஆனால் பெட்டி அந்த நம்பரை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியிலேயே திறந்துவிடலாம் என்பது 2011-லேயே நிரூபிக்கப்பட்டது.

* வருகிறவர்களுக்கு 'கெஸ்ட் வைஃபை' கொடுங்கள். கணக்கு கம்ப்யூட்டர், கேமரா, பில்லிங் மெஷின் ஒரு பக்கம். டிரைவர், பார்ட்டி, விருந்தாளி இன்னொரு பக்கம். ஆள் வேலையை விட்டுப் போனால் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

* 'ரிமோட் மேனேஜ்மென்ட்' ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். ஆபரேட்டருக்குத் தேவை இல்லை என்றால் அணைத்துவிடலாம். தேவை என்றால், அவருடைய சர்வரிலிருந்து மட்டும் வரும்படி வைக்கச் சொல்லுங்கள். தேவையில்லாத போர்ட் ஃபார்வர்டிங்கையும் எடுத்துவிடுங்கள்.

* ஃபர்ம்வேர் தேதியைப் பாருங்கள். அப்டேட் நின்றுபோன பழைய மாடல் என்றால், நன்றாக ஓடினாலும் மாற்றுவதுதான் நல்லது.

* ஊசி வைத்து ரீசெட் செய்யும் முன் போன் போடுங்கள். ஃபைபர் பெட்டியை முழுதாக ரீசெட் செய்தால் ஆபரேட்டர் போட்டுவைத்த லாகின் விவரமும் அழிந்துபோய், நெட்டே வராமல் போகலாம்.

வீட்டிலோ ஆபீஸிலோ உள்ள கருவியில் சந்தேகம் இருந்தால், செர்ட்-இன் நடத்தும் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' தளத்தில் மால்வேர் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். அடுத்தவர் வைஃபைக்குள் அனுமதியில்லாமல் கெட்ட நோக்கத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். "பக்கத்து வீட்டு நெட்தானே" என்று விளையாடும் பசங்களுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

அடுத்த முறை மாதச் சந்தா வாங்க கேபிள்காரர் வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "எங்க பெட்டியோட அட்மின் பாஸ்வேர்டு எங்களுக்கு மட்டும் தனியா இருக்குங்களா, இல்ல எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களா?" "கடைசியா எப்ப அப்டேட் பண்ணுனீங்க?" ஒரு தெருவில் பத்துப் பேர் இதைக் கேட்டால், அவரும் தனக்கு மேலே உள்ள நிறுவனத்திடம் கேட்டே ஆக வேண்டும்.